குமிழிக்குள் என்ன இருக்கிறது? பாடநூல் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கான இயற்பியல், வேதியியல் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கும், பொதுத்தேர்வு வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் ஆக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

தமிழ் வழியில் பதினோராம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இவ்விரு பாடங்களையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு நாள், உள்ளுறை வெப்பத்தின் (வெப்பநிலை மாறாமலே ஒரு பொருள் உருகவோ ஆவியாகவோ தேவைப்படும் வெப்பம்) வரையறையை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்து முடித்த மாணவி, தேநீருக்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், அந்தக் குமிழிக்குள்ள என்ன இருக்கு? காத்தா?" என்று கேட்டாள். நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது என்றான் பக்கத்திலிருந்த மாணவன். இருவருமே உள்ளுறை வெப்பக் கணக்குகளில் முழு மதிப்பெண் வாங்குபவர்கள்.

சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டி நிற்கும் சிறு குமிழிகளில் இருப்பது நீரில் கரைந்திருந்த காற்று. ஆகவே மாணவி முற்றிலும் தவறிவிடவில்லை. கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகளில் இருப்பது நீராவி. 100 டிகிரி செல்சியசில் 18 கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும்; அதே நீரைத் தனிமங்களாகப் பிரிக்க ஏறத்தாழ 286 கிலோஜூல் வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பை வெல்வது வேறு, மூலக்கூறையே உடைப்பது வேறு என்பதை இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்தபோதுதான் அவர்கள் கண்டுகொண்டார்கள். குமிழிக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளியழுத்தத்துக்கு ஈடாக வேண்டும் என்று தெரிந்ததும், உதகமண்டலத்தில் நீர் ஏன் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியில் இடர்ப்பாடு சொல்லிலேயே தொடங்குகிறது. பேச்சுவழக்கில் எதிர்வினை என்பது ஒருவர் செய்ததற்குப் பிறகு மற்றவர் செய்வது. விதி சொல்லும் இரு விசைகளோ ஒரே கணத்தில், இரு வேறு பொருள்களின் மீது செயல்படுபவை. இது விளங்காத பிள்ளை, மாடும் வண்டியும் ஒன்றையொன்று சமமாக இழுத்தால் வண்டி எப்படி நகரும் என்று திகைத்து நிற்கிறது. வண்டியின் மீது செயல்படும் விசைகளை மட்டும் தனியே வரைந்து காட்டினால், மாட்டின் இழுப்பு உராய்வைவிட மிகும்போது வண்டி நகர்வது புலப்படும். மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை மேசை தரும் செங்குத்து விசை என்று எழுதும் பழக்கமும் இந்தக் குழப்பத்தின் கிளைதான். எடையின் இணை, புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை. 'எதிர்வினை' என்ற சொல்லை விட்டுவிட்டு 'விசை இணை' என்று எழுதுங்கள் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வேதியியலில், அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு முறிந்தால் ஆற்றல் வெளிப்படும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் தவறாக நம்புகிறார்கள். உயிரியல் வகுப்பில், உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏடிபி என்ற மூலக்கூறு உடைந்து ஆற்றல் தருகிறது என்று கேட்டது மனத்தில் நிலைத்துவிடுகிறது. ஹைட்ரஜன் எரிவதை வரவு செலவாக எழுதிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; 18 கிராம் நீர் ஒரு மோல்) ஹைட்ரஜனின் பிணைப்புகளையும் ஒரு மோல் ஆக்சிஜனின் பிணைப்புகளையும் முறிக்கச் செலவு சுமார் 1,370 கிலோஜூல். நான்கு மோல் ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்புகள் உருவாவதால் வரவு சுமார் 1,852. மிச்சம் 482 கிலோஜூல்தான் வெப்பமாக வெளிவருகிறது.

இவற்றில் எதுவும் பாடத்திட்டத்துக்கு வெளியே இல்லை. ஆனாலும் வகுப்பில் இப்படிக் கேட்டால் "இது பரீட்சையில வராது" என்ற பதிலே கிடைப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். என் மாணவன் ஒருவன் அரையாண்டுத் தேர்வில் உள்ளுறை வெப்பத்தைத் தன் சொந்தச் சொற்களில் பிழையின்றி விளக்கி, பாடநூலின் வரி இல்லை என்பதற்காக மதிப்பெண் இழந்தான். அதற்குப் பின் அவன் மனப்பாடம் செய்தே எழுதுகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கருத்து சரியாக இருந்தால் எந்தச் சொற்களில் எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு என்ற ஒரு வரியை விடைக்குறிப்பின் தலைப்பிலேயே இடுங்கள். பிள்ளைகளுக்கு வழக்கமாக எழும் ஐயங்களில் இரண்டையாவது ஒவ்வொரு பாடத்திலும் எடுத்துக்கொண்டு, தவறான எண்ணம் எங்கிருந்து முளைக்கிறது என்பதோடு சேர்த்து விளக்குங்கள்.

அந்த மாணவி தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேற்று எழுதியிருந்த கேள்வி இது: "மண்பானைக்கு அடியில் அடுப்பு இல்லையே, கசியும் நீர் ஆவியாவதற்கான வெப்பத்தை யார் கொடுக்கிறார்கள்?" பானைக்குள் இருக்கும் நீரே கொடுக்கிறது, அதனால்தான் அது குளிர்கிறது. அடுத்த பதிப்பில், உள்ளுறை வெப்பத்தின் வரையறைக்குக் கீழே இக்கேள்விக்கு இடம் தாருங்கள்.