பாலைப்பழத்துக்கு வா

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள்.

கோடியக்கரை சாலையோரம் நீ ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்ட பாலை மரம் இருக்கிறதா என்று போனில் கேட்டாய். பேச்சை மாற்றிவிட்டேன். 2018 ஐப்பசிக் கடைசியில் கஜா புயல் அடித்த இரவில் அது இடுப்போடு முறிந்துவிட்டது. வீட்டு ஓடும் தென்னையும் போன துக்கத்தில் காட்டு மரத்தைப் பற்றி யார் பேசுவது? போன வாரம் போய்ப் பார்த்தேன். அடிக்கட்டையில் கைத்தடிப் பருமனில் நான்கு கொம்புகள் நிற்கின்றன. இத்தனை வருஷத்துக்கு அவ்வளவுதான். பாலைக்கு அவசரம் என்பதே தெரியாது. அதனால்தான் கட்டை இரும்பாக இருக்கிறது.

சரணாலயத்தில் குதிரை பார்க்க வேண்டும் என்று பேரன் அடம்பிடிப்பதாகச் சொன்னாய். பார்க்கட்டும், அந்த மட்டக்குதிரைகள் எங்கும் ஓடிப்போகாது. நான் அவனுக்குக் காட்ட நினைப்பது வெளிமானை. 1967-இல் இந்தச் சரணாலயம் வந்ததே அதற்காகத்தான். முந்தாநாள் காலையில் ஒரு கலைமான் என்னைப் பார்த்து நின்றது. முதுகு கருகருவென்று, வயிறும் கண்ணைச் சுற்றியும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை, திருகிவிட்ட கொம்பு. பின்னால் பழுப்பு நிறத்தில் ஐந்தாறு பெட்டைகள். நான் தும்மினேன், அவ்வளவுதான், ஆளுயரத்துக்கு ஒரு துள்ளல், அப்புறம் ஓட்டம்.

கண்ணுக்கெட்டும் தூரம் புல்தரையாக இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. வெளி என்பதே இல்லாத இடத்தில் வெளிமானுக்கு என்ன வேலை? சீமைக்கருவேல் அந்த வெளியைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. இதில் வேடிக்கை, அதன் காயைக் குதிரையும் மாடும் மட்டுமல்ல, மானும்தான் தின்கிறது. சாணத்தோடு விழும் விதை அங்கேயே முளைக்கிறது. நாங்களும் யோக்கியர்கள் இல்லை. அதைத் திட்டிக்கொண்டே அதன் விறகில்தான் உன் அம்மா வெந்நீர் வைக்கிறாள்.

உப்பளப் பக்கம் பூநாரைகள் குறைந்துவிட்டன. பங்குனி பிறந்தால் அவற்றுக்கு இருப்புக் கொள்ளாது. கடற்கரையில் ஆமைக்குஞ்சுகளை விடுகிறார்கள். முட்டைகளைப் பொறுக்கிவந்து வேலிக்குள் புதைத்துவைத்தால் பொரிய 45 நாளுக்கு மேல் ஆகிறது. மணல்மேட்டில் அடும்புக் கொடி ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது. அதன் பிளந்த இலையைப் பேரனிடம் கொடுத்து, இது எதன் கால் என்று கேள். மான் குளம்பு என்று சொல்லிவிட்டால் அவன் நம் ஊர்ப் பிள்ளை.

சித்திரையில் வராதே, வெயில் தாங்காது, பழமும் இருக்காது. வைகாசியில் வா. நம் மரம் இல்லாவிட்டால் என்ன, வேதாரண்யம் கடைத்தெருவில் பாலைப்பழம் கூறுகட்டி விற்பார்கள். வேப்பம்பழம் அளவில் மஞ்சளாக இருக்கும் என்று அவனிடம் சொல்லிவை. நாலு பழத்துக்கு மேல் தின்றால் பால் பிசின் உதட்டை ஒட்டிவிடும். நீ அழுதது நினைவிருக்கிறதா? தேங்காய் எண்ணெய் எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா