பள்ளிப் பரிசோதனையில் தோலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளைக் கட்டிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தைகளின் தோலைப் பார்த்தே சந்தேகப்படக்கூடிய ஒரு வகை, பார்வை நரம்பில் வரும் கட்டி, அதில் விட்டுப்போயிருக்கிறது.

நான் தையல்காரன். என் கைகளிலும் முதுகிலும் சுண்டைக்காய் அளவில் மெத்தென்ற கட்டிகள் உண்டு. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை. சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு வரும் மரபணுக் கோளாறு, தொட்டால் ஒட்டாது. ஆனாலும் அளவெடுக்கப் போனால், "பழைய சட்டை கொண்டுவந்து தர்றேனே" என்று நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, பழகிவிட்டது.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் மகளுக்குக் கைக்குழந்தையிலேயே வயிற்றிலும் தொடையிலும் பால் காபி நிறத்தில் தட்டையான புள்ளிகள் தெரிந்தன. "மச்சம், யோகக்காரி" என்றார் என் மாமியார். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆறு புள்ளிகள் இருந்தாலே காட்டிவிட வேண்டும் என்று என் டாக்டர் சொல்லியிருந்தார். கடை டேப்பை வைத்துப் பார்த்தேன், ஆறுக்கு மேலேயே இருந்தன.

அவளுக்கும் இதே நோய்தான். இதில் பார்வை நரம்பில் கட்டி வரலாம் என்பதால் வருடந்தோறும் கண் பரிசோதனை. நான்கு வயதில், இடது கண்ணை மூடியபோது பேசாமல் இருந்தவள், வலது கண்ணை மூடியதும் டாக்டரின் கையைத் தட்டிவிட்டாள். ஸ்கேனில் இடது பார்வை நரம்பில் கட்டி. இந்த நோயுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இது வருகிறது, பெரும்பாலும் ஏழு வயதுக்குள். பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது, கண்காணித்தால் போதும். இவளுக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்ததால் கீமோ கொடுத்தார்கள். கதிர்வீச்சு வேண்டாம் என்றார்கள். இந்த மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு அதனால் பின்னாளில் வேறு கட்டிகள் வரும் ஆபத்து கூடுமாம். மிச்சமிருந்த பார்வை நின்றது.

எனக்கு இருந்ததால் தேடிப் பார்த்தேன். ஆனால் இந்த நோயாளிகளில் பாதிப்பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அவர்களுடைய பெற்றோர் எதைத் தேடுவார்கள்? ஒரு கண் நன்றாக இருக்கும்வரை பிள்ளையும் எதுவும் சொல்லாது.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரத்தான் செய்கிறது. எடை, பல், கண் பார்க்கிறார்கள். சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் அக்குளையும் (அங்கே பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரும்) பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பரிசோதனை அட்டையில் அதற்கென ஒரு கட்டம் சேர்த்து, புள்ளிகள் உள்ள பிள்ளைகளைக் கண் மருத்துவரிடமும் குழந்தை நரம்பியல் மருத்துவரிடமும் அனுப்ப சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
அருப்புக்கோட்டை