ஆய்வு செய்ய எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும், அவர்களிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் வடசென்னையில் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா முதலில் கட்டுமரத்திலும் பிறகு ஃபைபர் போட்டிலும் கடலுக்குப் போனவர். நான் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். உங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துவருகிறேன். கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனவர்கள், கோயில் சுவரில் காகிதம் ஒட்டிக் கல்வெட்டை மைப்படி எடுத்தவர்கள், மணலைச் சல்லடையில் சலித்தவர்கள், ட்ரோன் பறக்கவிட்டவர்கள், அம்மாவை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு நாங்கள் டீ கொடுத்திருக்கிறோம். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

எங்கள் பக்கத்தில் எந்தத் துறைக்காரருக்கும் வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ராமானுஜன், 1913-ல் அங்கிருந்தபடிதான் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். எங்கள் திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலத்திலேயே இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, "நம்ம கோயில்லயா டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குழு வந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம் என்றார்கள். அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. ஊசியைப் பார்த்ததும் அழுதான். நான்தான் அவனை மடியில் வைத்து, முழங்கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் எடுத்த பெண் அவ்வளவு பக்குவமாக எடுத்தாள். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், ஒரு மிட்டாய் கொடுத்தாள், சின்ன ட்யூபில் எண் எழுதிய தாளை ஒட்டினாள். அக்கா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "ரிசல்ட் வந்ததும் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். "கண்டிப்பா சொல்றோம் அக்கா" என்றாள் அந்தப் பெண். அந்தப் பெண் பொய் சொன்னாள் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் யாரும் திரும்பி வரவில்லை. படிவத்தில் இருந்த நம்பருக்கு அக்கா மூன்று முறை போன் செய்தாள். பிறகு அந்த நம்பரே இல்லாமல் போனது.

எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான். எங்களிடமிருந்து எடுத்துப் போனது எங்களுக்குத் திரும்பி வருவதில்லை.

திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1950களில் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கையும் நல்ல சாப்பாடும் மருந்தும். இன்னொரு பிரிவு நெருக்கடியான தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. மாத்திரையை வீட்டுக்கு வாங்கிவந்து பிழைத்த ஒவ்வொருவரும் அந்த ஆய்வின் பலனைக் கையில் வாங்கியவர்தான். ஆய்வு என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

இன்னொன்று. நீங்கள் தனித்தனியாக வருகிறீர்கள், தனித்தனியாகப் போகிறீர்கள். கடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1870களில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரத்தில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்ததும் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. இதைக் கடல் பொறியியல் படித்தவர்கள் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பா ஒரே வரியில் சொல்வார்: "தெக்கேருந்து வர்ற மண்ண ஹார்பர் முழுங்கிடுச்சு." எங்களுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. இப்போது வாசலில் நின்றால் எதிரே கருங்கல் குவியல்தான். அலை எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து அடித்தது, முதலில் யார் வீட்டுச் சுவர் விழுந்தது என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். கடல் பொறியாளர் ஒருவர், துறைமுகத்தின் பழைய கோப்புகளைப் படிக்கும் வரலாற்றுக்காரர் ஒருவர், வீடு இழந்த குடும்பங்களை எண்ணும் சமூகவியல் மாணவி ஒருத்தி, மூன்று பேரும் ஒரே நாளில் அப்பாவிடம் வந்து உட்கார்ந்திருக்கலாம். அப்பா இப்போது இல்லை.

கொசஸ்தலை ஆற்றுக்கும் இதே கதிதான். அதன் கரையில் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் கூட்டாளியும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் மிகப் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் வருடம் பழையவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதே ஆறு எண்ணூரில் கடலைச் சேரும் இடத்தில், பெண்கள் பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் காலுக்கடியில் இருப்பது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போயின. ஆற்றின் மேல்பக்கம் தொல்லியல்காரர்கள், கீழ்ப்பக்கம் வேதியியல்காரர்கள். இரண்டு பேர் எழுதியதையும் சேர்த்து ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுக்க எனக்கு ஆசை. தமிழில் அப்படி ஒன்று என் கைக்கு இன்னும் வரவில்லை. தீசிஸ்களைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் எல்லாம் இருக்கின்றன, உண்மைதான். நானே உட்கார்ந்து தேடிப் படித்திருக்கிறேன். முன்னூறு பக்க ஆங்கிலத்தில் எங்கள் தெருவைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது. மீன் விற்றுவிட்டு வரும் என் அம்மா எங்கே போய்த் தேடுவாள்?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தீசிஸ் முடிந்து வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடக்கும்போது யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று அறிவிப்பு போடுகிறீர்கள் அல்லவா? அது முடிந்த ஒரு மாதத்துக்குள், ஆய்வு நடந்த இடத்துக்கு ஒரு மாலை வாருங்கள். கிளை நூலகமோ, மீன் ஏலக் கூடமோ, பள்ளிக்கூடத்து வராந்தாவோ எதுவானாலும் சரி. என்ன பார்த்தீர்கள், என்ன தெரிந்தது, எது இன்னும் தெரியவில்லை என்று தமிழில் சொல்லுங்கள். பத்துப் பக்கத்துக்குள் எழுதி, நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். முடிவு கெட்டதாக இருந்தாலும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்ளும் தைரியம் எங்களுக்கு உண்டு. சொன்னால்தானே டாக்டரிடமாவது போக முடியும்? அப்புறம், கைடாக இருக்கும் பேராசிரியர்களிடம் தனியாக ஒரு வார்த்தை: இதைச் செய்த பிறகுதான் கடைசிக் கையெழுத்து என்று நீங்கள் சொல்லிவிட்டால் போதும், மாணவர்கள் செய்துவிடுவார்கள். மனமில்லாததால் அவர்கள் யாரும் திரும்பி வராமல் போகவில்லை. வேலை, கல்யாணம், வெளியூர் என்று வாழ்க்கை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

நாற்காலியும் மைக்கும் எங்கள் பொறுப்பு. கூட்டம் சேர்ப்பதும் எங்கள் பொறுப்பு.

அக்கா மகன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான். அந்த ட்யூபில் ஒட்டிய எண்ணை அக்கா அன்றைக்கே ரேஷன் கார்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்தாள். எண் 47. அந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை எழுதிய நோட்டு உங்களில் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை