போபண்ணாவுக்கு நாலு வரிதானா?

ஆசிரியர் சார், வணக்கம். 2025 நவம்பர்ல டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா ரிட்டயர் ஆனப்போ ஸ்போர்ட்ஸ் பக்கத்துல ஓரமா நாலு வரி போட்டு முடிச்சிட்டீங்களே, நியாயமா? குடகுக்காரர், முட்டி ஜவ்வு தேஞ்சு போயும் ஐயங்கார் யோகா பண்ணி தேத்திக்கிட்டு 2024ல ஆஸ்திரேலியாக்காரர் எப்டன் கூட சேர்ந்து ஆஸ்திரேலியன் ஓப்பன் டபுள்ஸ் கப்பை தூக்கினப்போ வயசு 43, அடுத்த திங்கக்கிழமையே டபுள்ஸ்ல உலக நம்பர் ஒன் வேற, அந்த வயசுல அதுக்கு முன்னாடி யாரும் அங்க வந்ததில்ல. ஃபைனல்ல முதல் செட் 6-6ன்னு சமமாகி ஆடின டைபிரேக்ல எதிராளிக்கு ஒரு பாயின்ட் கூட குடுக்கல சார்! 2010ல பாகிஸ்தான் குரேஷி கூட ஜோடி போட்டு யூஎஸ் ஓப்பன் ஃபைனல் வரைக்கும் போனது என் பையனுக்கு தெரியவே தெரியாது. சிங்கிள்ஸ் ஆடினாதான் டென்னிஸா? ஒரு ஞாயித்துக்கிழமை அரைப்பக்கமாவது ஒதுக்குங்க.

- பழைய வாசகர், சேலம்