வழிகாட்டித் திட்டம் குறித்துப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறின. தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. உழைத்த அனைவருக்கும் என் பாராட்டுகள்.

வழிகாட்டித் திட்டம் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இத்திட்டத்தில் உங்களில் பலர் வழிகாட்டியாகப் பள்ளிக்கு வந்து, பிறர் வீட்டுப் பிள்ளை ஒருவருக்காக வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி வருகிறீர்கள். சென்ற மாதம் நான் நூலகத்துக்குப் போனபோது, சதுரங்கப் பலகையில் இருபுறமும் காய்களை அடுக்கி வைத்துவிட்டு ஒரு மாணவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் கழிந்தும் அவனுடைய வழிகாட்டி வரவில்லை, தகவலும் இல்லை. காய்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே, "போன வாரம் நான் ஜெயிச்சிட்டேன், அதனால சாருக்கு என் மேல கோபமா?" என்று கேட்டான். வராதவருக்கு அவசர வேலை இருந்திருக்கலாம். ஆனால் காரணம் தெரியாத பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் இத்தகைய திட்டமொன்றை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், ஓராண்டுக்கு மேல் நீடித்த தொடர்புகளே பிள்ளைகளுக்கு மிகுந்த நன்மை தந்தன என்றும், மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது என்றும் கண்டறிந்தனர். அரைமனத்தோடு தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாடம் நடத்தவோ பரிசு வாங்கித் தரவோ நாங்கள் கேட்கவில்லை. சொன்ன நாளில் வந்து அருகில் அமர்ந்தால் போதும். முதல் சில வாரங்கள் பிள்ளை வாய் திறக்காமல் இருக்கலாம்; கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துருவாமல், சேர்ந்து படம் வரையுங்கள், விளையாடுங்கள், பேச்சு தானாக வரும். வர இயலாதபோது முன்தினமே பள்ளி அலுவலகத்தில் தெரிவியுங்கள். விலக நேர்ந்தால், கடைசியாக ஒருமுறை நேரில் வந்து காரணத்தைச் சொல்லி விடைபெறுங்கள்.

வரும் பருவம் முதல், முன்னறிவிப்பின்றி இருமுறை வராதவர்கள் இப்பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். இதில் எவருக்கும் விலக்கில்லை.

உங்களில் பெரும்பாலோருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை என்பதையும் அறிவேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு தாய், பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துத் தம் பொறுப்பிலுள்ள சிறுமியிடம் இரண்டே நிமிடம் பேசினார், "அடுத்த வாரம் வர்றாங்களாம்!" என்று கூவிக்கொண்டே அவள் வகுப்புக்கு ஓடியதை அலுவலகமே பார்த்தது. அந்தத் தாய்க்கும், மழையிலும் வேலைப்பளுவிலும் தவறாமல் வந்துசேர்ந்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தொடர விரும்புவோர் விடுமுறைக்கு முன் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்