விசில் மாட்டியவருக்கும் ஒரு நாற்காலி

ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்தாருக்கும் என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) மருத்துவக் குழுவினருக்கும்,

வணக்கம். ஸ்டீவ் ஃபோக்ஸையும் பால் கிரீனையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஃபோக்ஸ் புல்டாக்ஸில் ஆடி நான்கு கோப்பை வென்றவர். 2004இல் அதே அணிக்குக் கோச்சாக இருந்து இன்னொன்றும் வாங்கித் தந்தவர். கிரீன் 1995இல் சீசனின் சிறந்த வீரருக்கான ரோத்மன்ஸ் பதக்கம் பெற்ற ஹாஃப்பேக் ஆட்டக்காரர். 2015இல் கவ்பாய்ஸ் அணிக்கு முதல் கோப்பை தந்த கோச். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை மெல்லத் தேயும் சி.டி.இ. என்ற நோய் இருவர் மூளையிலும் இருந்தது அவர்கள் இறந்த பிறகுதான் தெரிந்தது. பழைய நட்சத்திர ஆட்டக்காரர் வாலி லூயிஸுக்கு அந்த நோய் 2023இல் 'இருக்கக்கூடும்' என்றார்கள். உயிரோடு இருப்பவரிடம் அதற்குமேல் சொல்ல வழியில்லை. இறந்தவரின் மூளையில் டௌ என்னும் புரதம் எங்கே படிந்திருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதி.

ஆடுபவர்களுக்கு நீங்கள் செய்திருப்பதைக் குறை சொல்ல வரவில்லை. தலையில் அடிபட்டால் 15 நிமிடப் பரிசோதனை, வீடியோ நடுவர்கள் இருக்கும் பங்கர் அறையிலிருந்து பார்க்கும் தனி மருத்துவர், மூளை அதிர்ச்சி கண்டவருக்கு 2024 முதல் 11 நாள் ஓய்வு, எல்லாம் நல்லதே. ஆனால் பூட்ஸைக் கழற்றி, விசிலை மாட்டிக் கோச்சாகிவிட்டவரின் மண்டைக்கு இந்த விதிகளில் இடமில்லை. பயிற்சியில் மோதிப் பழகும் மெத்தையான ஷீல்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் இடி வாங்குபவர்களில் பழைய ஆட்டக்காரர்களும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கோச் வேலையில் ஒரு சங்கடம்: நோயின் அறிகுறியும் வேலையின் அறிகுறியும் ஒன்றுபோலவே இருக்கும். தூக்கம் கெடும், சிடுசிடுப்பு வரும், பேச்சு நடுவில் அறுந்து நிற்கும். தொடர்ந்து நாலு மேட்ச் தோற்றவர் எரிந்து விழுந்தால் 'பிரஷர்' என்று விட்டுவிடுவார்கள். ஆட்டத்தில் அனுமதித்த எட்டு இன்டர்சேஞ்சில், அதாவது ஆள் மாற்றத்தில், எத்தனை போயிற்று என்பது மறந்தால், பக்கத்து நாற்காலி உதவிக் கோச் எடுத்துக் கொடுப்பார். வீரரின் பெயர் நாவில் வராவிட்டால், திரையில் ஓடும் வீடியோ காட்டிக் கொடுக்கும். மறதியை மூடிவைக்க, கோச்சுகள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் அந்தக் கண்ணாடி அறையில் அத்தனை வசதி. முதலில் தெரிவது வீட்டில் இருப்பவருக்குத்தான். அவரை யார் கேட்கிறார்கள்?

எனவே கேட்பது ஒன்றே. சீசனுக்கு முன் ஆட்டக்காரர்களுக்குப் பரிசோதனை நடக்கும் அதே நாளில், கிளப்பில் வேலை செய்யும் பழைய ஆட்டக்காரர் அத்தனை பேரையும் ஆண்டுதோறும் பரிசோதியுங்கள்.

ஆட்டக்காரர்களுக்கான அதே பரிசோதனைத் தாளை நீட்டினால் போதாது. பத்துச் சொல்லை மூன்று முறை சொல்லவைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பதும், மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வதும், ஒற்றைக்காலில் 20 விநாடி நிறுத்துவதும் புதிதாக அடிபட்டவருக்கு ஏற்றவை. மூன்று நாள் தாண்டினாலே அதன் கூர்மை மழுங்கிவிடும். மெல்ல மெல்லத் தேய்வதை அது பிடிக்காது. நரம்பு உளவியலாளர் உட்கார்ந்து சில மணி நேரம் பார்க்க வேண்டும். வந்த எண்ணை ஊரார் சராசரியோடு ஒப்பிடாமல், அவரது பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ஆடிய காலத்துக் கோப்பு கிளப் மாறினாலும் அவர் கூடவே போக வேண்டும். சொற்பட்டியலையும் மாற்றிக்கொண்டே இருங்கள். பின்னால் அடிபட்டாலும் எண் குறைந்தது தெரியாமல் தப்பிக்க, முதல் பரிசோதனையில் வேண்டுமென்றே சொதப்பும் ஆட்டக்காரர்கள் உண்டு. கோச்சோ வேலையைக் காப்பாற்றப் பட்டியலை மனப்பாடமே செய்துவிடுவார். முடிவு அவருக்கும் அவரது மருத்துவருக்கும் மட்டுமே போகட்டும். கிளப் நிர்வாகத்தின் மேசைக்குப் போகுமென்றால் எவரும் உண்மை சொல்ல மாட்டார்.

பணம் ஏது என்பீர்கள். லாஸ் வேகாஸுக்கு விமானம் ஏறி, ஹெல்மெட் இல்லை, பேட் இல்லை என்று அமெரிக்கரிடம் பெருமையாக ஆட்டத்தை விற்க முடிகிறது. அந்தப் பெருமைக்குத் தலையைக் கொடுத்தவருக்கு வருடத்தில் ஒரு நாள் மருத்துவரை அமர்த்துவதா பெருஞ்செலவு?

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். வரும் நவம்பரில் பயிற்சி தொடங்கும்போது, பரிசோதனை அறையில் இன்னொரு வரிசை நாற்காலி போடச் சொல்லுங்கள். தலைமைக் கோச் முதலில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தாமாக வருவார்கள். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
லீக் ஆட்டத்தின் ரசிகன்