பழைய கம்ப்யூட்டரை எடுத்தவுடன் பிளக்கில் செருகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களை என்ன செய்வது என்று உங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். ஒருமுறை ஆன் செய்து பாருங்கள், ஓடவில்லை என்றால் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த இரண்டு வரியுமே தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டியை எடுத்த கையோடு ஆன் செய்வதுதான் அதைக் கெடுக்கிறது, அப்புறம் ஓடவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமும் இல்லை. 286, 386 என்ற பழைய சிப்புகள் போட்ட கம்ப்யூட்டர்கள் ஓடிய காலத்தில் சர்வீஸ் வேலைக்கு வந்து இன்றைக்கும் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வேலை மூடியைக் கழற்றுவது. கரண்ட் பக்கமே போக வேண்டாம். 386, 486 மதர்போர்டுகள் (பாகங்கள் எல்லாம் உட்காரும் முக்கியப் பலகை) பலவற்றில் கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று உருளையாக, போர்டோடு சேர்த்து ஈயம் வைத்திருக்கும். தேதியையும் செட்டப்பையும் நினைவில் வைத்துக்கொள்ள வைத்தது. இது கசியும், கசியாமல் இருந்தால்தான் அதிசயம். கசிந்தது காரம், அது செம்புக் கோடுகளில் இறங்கி களிம்பு ஏற்றி, மெல்ல மெல்ல கோட்டையே தின்றுவிடும். கீபோர்டு வேலை செய்யவில்லை, திரை வரவில்லை என்று வருகிற 386 போர்டுகளில் நான் முதலில் பார்ப்பது இந்த மூலையைத்தான். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். கோடு அறுந்திருந்தால் மெல்லிய ஒயர் ஒன்றை மேலே இழுத்து ஈயம் வைத்தால் போதும், பெரிய வித்தை இல்லை.

மூடி திறந்திருக்கும்போதே எஸ்எம்பிஎஸ்ஸையும், அதாவது வீட்டுக் கரண்டை மாற்றி உள்ளே கொடுக்கும் பவர் சப்ளையையும் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் அதற்குள் பல்லி செத்துக் கிடப்பது சாதாரணம், முட்டைகூட இருக்கும். பின்பக்கம் 115, 230 என்று சின்ன சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால் இன்னும் கவனம். 1981 ஆகஸ்டில் வந்த முதல் ஐபிஎம் பிசியில் அமெரிக்காவில் விற்ற பெட்டிகளுக்கு அந்த சுவிட்சே கிடையாது, 120 வோல்ட் மட்டும்தான், அதை நம் பிளக்கில் செருகினால் அதோடு கதை முடிந்தது. இன்னொன்று, 80களின் எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் மெயின்ஸ் வரும் இடத்தில் மஞ்சள் கண்ணாடி மாதிரி மேலுறை போட்ட காகிதக் கெபாசிட்டர் இருக்கும். உறையில் வெடிப்பு விட்டு ஈரம் இறங்கியிருந்தால், ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் படார் என்று வெடித்து வீடு முழுக்கப் புகை. பார்த்தவர்கள் பயந்துபோய் மொத்தப் பெட்டியையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது மின் இரைச்சலை வடிகட்டுவதற்கு வைத்த சின்ன பாகம் மட்டுமே, அதை மாற்றினால் பெரும்பாலும் பெட்டி பழையபடி ஓடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எக்ஸ்2 வகை என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்பெட்டியைத் திறப்பது எல்லோருக்கும் ஆன வேலை இல்லை, பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். பழகிய டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவர் சீரீஸ் பல்பு, அதாவது கரண்ட் போகும் வழியில் ஒரு பல்பு போட்டுப் பார்ப்பார். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். சும்மா தனியாக ஓடவிட்டு எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது என்று தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், அந்தக் காலத்து சப்ளைகள் பல, லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் பாகம் ஏதாவது இல்லாமல் கிளம்பாது. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும்.

மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 என்ற இரண்டு கனெக்டர்களைக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது நான்கு கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போச்சு, அதற்கு மருந்து கிடையாது.

சரி, இப்போது ஆன் செய்கிறோம். ஃபேன் ஒரு சொடுக்கு அசைந்து நின்றுவிடுகிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அது தன்னைக் காத்துக்கொண்டு அணைகிறது, ஷார்ட் வேறு எங்கோ இருக்கிறது. போர்டிலும் கார்டுகளிலும் துளி வடிவத்தில் டான்டலம் கெபாசிட்டர்கள் உண்டு, நாளாகக் கிடந்தால் அவை ஷார்ட் ஆவது வழக்கம், முக்கியமாக 12 வோல்ட் லைனில். அணைத்துவிட்டு கார்டுகளை எல்லாம் கழற்றி, டிஸ்க் ஒயர்களையும் எடுத்துவிட்டு, வெறும் போர்டும் ஸ்பீக்கரும் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் குற்றவாளி கழற்றியவற்றில் இருக்கிறான். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் தெரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அப்போதும் சுற்றவில்லை என்றால் சப்ளையைக் கழற்றிவிட்டு, போர்டில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், சுழி காட்டினால் அந்தத் துளிகளில் ஒன்றுதான்.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு என்றால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பெட்டி பேசும். ஐபிஎம்மில் ஒரு சின்ன பீப் என்றால் எல்லாம் சரி, ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் (ஆன் செய்ததும் பெட்டியைச் சோதித்துக் கிளப்பும் நிரல்) உள்ள போர்டுகளில் எட்டு பீப் என்றால் டிஸ்ப்ளே, மூன்று பீப் என்றால் முதல் 64 கேபி மெமரி. இவற்றில் பாதிக்குப் பாதி, கார்டின் தங்க விளிம்பில் அழுக்கு ஏறியதுதான் காரணம், பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப அழுத்திச் செருகினால் எழுந்துவிடும். சாக்கெட்டில் உள்ள ஐசிகளையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துங்கள், சூடாகி ஆறி சூடாகி ஆறி அவை தானாகவே மேலே ஏறியிருக்கும். திரை வந்து எண் காட்டினால் இன்னும் சுலபம்: ஐபிஎம் வகையில் 201 மெமரி, 301 கீபோர்டு, 601 ஃபிளாப்பி, 1701 ஹார்டு டிஸ்க், ஏடி (ஐபிஎம்மின் 286 மாடல்) பெட்டியில் 161 என்றால் பேட்டரி தீர்ந்தது. 301க்குப் பயப்பட வேண்டாம், அதற்கு முந்தைய மாடலான எக்ஸ்டிக்கும் ஏடிக்கும் கீபோர்டு பிளக் ஒன்றே, ஆனால் பேச்சு வேறு. கீபோர்டின் அடியில் எக்ஸ்டி, ஏடி என்று சுவிட்ச் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். பேட்டரி போன பெட்டி தன் ஹார்டு டிஸ்க் எது என்பதை மறந்துவிடும். அப்போது சி டிரைவ் ஃபெயிலியர் என்று திரையில் வரும், உரிமையாளர் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். டிஸ்க் அப்படியே இருக்கிறது! மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். சிமாஸ் செட்டப்புக்குள் (பெட்டி பேட்டரியால் நினைவில் வைத்திருந்த அமைப்புகளை மாற்றும் திரை) போய், நாமே எண் கொடுப்பதற்கான டைப் 47 என்று தேர்ந்து, அந்த எண்களை எழுத வேண்டும். பழைய 20 எம்பி சீகேட் எஸ்டி-225 என்றால் 615 சிலிண்டர், 4 ஹெட், ஏடி பட்டியலில் அது டைப் 2. தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது, உள்ளே இருப்பது குழம்பிவிடும். ஏஎம்ஐ செட்டப்பில் ஹார்டு டிஸ்க் யுட்டிலிட்டி என்று ஒரு வரி இருக்கும், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடும் லோ லெவல் ஃபார்மேட் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் ஊர்களில் 90களில் அச்சகங்களும் டிடிபி கடைகளும் சிற்றிதழ்களும் தட்டச்சு செய்தவை இந்த டிஸ்குகளில்தான் இருக்கின்றன. உள்ளூர் எழுத்தாளரின் நாவல், கோயில் தலவரலாறு, நடுவில் நின்றுபோன பத்திரிகையின் பக்கங்கள் எல்லாம் அடக்கம், பலவற்றுக்கு அச்சுப் பிரதிகூட கிடைப்பதில்லை. 1999 தமிழிணைய மாநாட்டில் பொதுக் குறியீடு பேசப்படும் வரை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு எழுத்துருக் குறியீடு வைத்திருந்தது. ஆகவே கோப்பை மட்டும் எடுத்தால் போதாது, அதே டிஸ்க்கில் இருக்கும் எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்தால்தான் பிற்பாடு யுனிகோடுக்கு மாற்ற முடியும். கடையில் விற்கும் யுஎஸ்பி மாற்றிகள் பல, மிகப் பழைய டிஸ்குகளைப் படிக்காது. படிக்கவில்லை என்பதால் டிஸ்க் கெட்டது என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம், அது பழகிய பெட்டியிலேயே ஓடவிட்டு, எம்எஸ்-டாஸ் 6இல் வரும் இன்டர்லிங்க் என்ற நிரல் மூலம் சீரியல் கேபிளில் வேறு பெட்டிக்கு இழுத்துவிடலாம். மெதுவாகத்தான் நடக்கும், இரவு விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

உங்கள் இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆன் செய்யும் முன் பேட்டரியை எடுங்கள், டிஸ்க்கை நகலெடுக்கும் வரை பெட்டியை எடைக்குப் போடாதீர்கள், இந்த இரண்டு வரி போதும். இடம் இருந்தால் 230 சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி